ஏவலும் விதியும்: கணிப்பொறிச் சாகச விளையாட்டின் இலக்கணம் குறித்த ஒரு திறனாய்வு

1. முன்னுரை

'கதவைத் திற' என்று ஒருவர் மற்றொருவரை ஏவினால், ஏவப்பட்டவர் எழுந்து சென்று திறந்த பின்னரே கதவு திறக்கும். ஏவலும் செயலும் இயல்பு வாழ்க்கையில் இரு வேறு நிகழ்ச்சிகள். சொல்வதே செயலாகிவிடும் இடங்களும் மொழியில் உண்டு. வாக்குறுதி அளித்தல், பெயரிடுதல், பந்தயம் கட்டுதல் ஆகியவற்றை ஜே. எல். ஆஸ்டின் இவ்வகையில் எடுத்துக்காட்டினார். ஆனால் எடுத்தல், நடத்தல், உடைத்தல் உள்ளிட்ட எல்லாச் செயல்களும் சொல்லால் மட்டுமே நிகழும் ஓர் உலகம் 1970களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஒரு கணிப்பொறியில் உருவாயிற்று. திரையில் ஓர் இடத்தின் வருணனை தோன்றும். விளையாடுபவர் ஓர் ஏவல்தொடரைத் தட்டச்சு செய்வார். அத்தொடரை நிரல் ஏற்றால் உலகம் மாறும்; ஏற்காவிடில் மறுப்புரை ஒன்று தோன்றும். இவ்வாறு தொடங்கியதே சாகச விளையாட்டு என்னும் வகை.

இவ்வகை விளையாட்டை வடிவமைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியவை யாவை? எந்தெந்த வினைகள் இவ்வுலகில் உண்டு, ஒவ்வொரு வினையும் எத்தனை பெயர்களை வேண்டி நிற்கும், எந்தப் பெயர் எந்த வினையை ஏற்கும், ஏற்காதபோது மறுப்பு எவ்வாறு கூறப்படும் என்பன அவை. இவை யாவும் மொழியியலார்க்கு நன்கு அறிமுகமான கேள்விகள். எனவே இவ்விளையாட்டுகளின் விதிகளை இலக்கணமாகக் கொண்டு மதிப்பிடுவது பொருந்தும் என இக்கட்டுரை கருதுகிறது. இரு கருத்துகள் இங்கு முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, சாகச விளையாட்டின் விதி நேர்மையானதா என்னும் கேள்வி பெரும்பாலும் பொருண்மையியல் சார்ந்த கேள்வியே. மற்றொன்று, ஆங்கில ஏவல்தொடரின் அமைப்பு இவ்வடிவமைப்பு மரபில் எம்மொழிக்கும் பொதுவான விதிபோல ஊன்றிவிட்டது. ஆதலால் தமிழில் இத்தகைய விளையாட்டை ஆக்குவோரும் பெயர்ப்போரும் சொற்களை மட்டும் மாற்றினால் விதி பிழைபடும்.

2. இரு சொற்களும் ஐந்து எழுத்துகளும்

வில்லியம் கிரௌதர் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் அர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்கிய நிறுவனத்தில் நிரலாளராகப் பணியாற்றியவர்; குகைகளை ஆராய்ந்து நிலப்படம் வரைவதில் ஈடுபாடு மிக்கவர். கென்டக்கி மாநிலத்து மாமத் குகைத்தொகுதியில் தாம் அளந்தறிந்த பகுதியை அடிப்படையாகக் கொண்டு 1975-76 அளவில் ஃபோர்ட்ரான் மொழியில் ஒரு நிரல் எழுதினார். மணமுறிவிற்குப் பின் தம் மகள்களுக்காகவும் அதை எழுதியதாக அவர் குறிப்பிட்டுள்ளார். 1977ஆம் ஆண்டில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் அவரது இசைவுடன் அந்நிரலை விரித்தெழுதினார். 'அட்வென்ச்சர்' அல்லது 'கொலோசல் கேவ்' எனப் பரவலாக அறியப்படுவது இப்பதிப்பே. கிரௌதரின் மூல நிரலைக் கண்டெடுத்து, உண்மைக் குகையோடு ஒப்பிட்டு ஆராய்ந்த டென்னிஸ் ஜெர்ஸ் என்பாரின் கட்டுரை 2007இல் வெளிவந்தது.

இவ்விளையாட்டின் தொடரியல் மிக எளியது. ஒரு வினை, ஒரு பெயர் ஆகிய இரு சொற்களே ஏற்கப்படும். ஒவ்வொரு சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே நிரல் நோக்கும். இதற்குக் காரணம் மொழியன்று, பொறியே. அந்நிரல் இயங்கிய பிடிபி-10 கணிப்பொறியின் நினைவகச் சொல் 36 பிட் அகலமுடையது. ஓர் எழுத்திற்கு 7 பிட் வீதம் அதில் ஐந்து எழுத்துகள் அடங்கும். ஆங்கிலத்தில் இவ்வெட்டு பெருந்தீங்கு விளைவிக்கவில்லை. அம்மொழியின் ஏவல்வினை விகுதி ஏற்பதில்லை; சொல்லை வேறுபடுத்தும் கூறு பெரும்பாலும் முதற்பகுதியிலேயே அமைந்துவிடுகிறது. இவ்வாறு பொறியின் எல்லையும் மொழியின் இயல்பும் தற்செயலாகப் பொருந்தியமை பின்னர் மரபாயிற்று.

1977 முதல் 1979 வரை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் டிம் ஆண்டர்சன், மார்க் பிளாங்க், புரூஸ் டேனியல்ஸ், டேவ் லெப்லிங் ஆகியோர் 'ஸோர்க்' என்னும் விளையாட்டை உருவாக்கினர். 1979இல் தொடங்கப்பட்ட இன்ஃபோகாம் நிறுவனம் அதை வணிக வடிவில் வெளியிட்டது. இதன் தொடர்ப்பகுப்பி முன்னிடைச்சொற்களையும் பெயரடைகளையும் ஏற்றது. இரு பெயர்களை வேண்டும் வினைகளை ஏற்றது. தொடர் முழுமை பெறாவிடில் விடுபட்டதை வினவியது. எனினும் அகராதிச் சொல்லின் அளவு இங்கும் சுருக்கமே. ஐந்து பிட் அலகுகளை மூன்று மூன்றாக அடுக்கிய அதன் முறையில் தொடக்கப் பதிப்புகள் ஆறு அலகுகளையும் பிற்காலப் பதிப்புகள் ஒன்பது அலகுகளையும் மட்டுமே வேறுபடுத்தின.

3. விதியின் நேர்மை: சில புதிர்கள்

சாகச விளையாட்டின் புதிர் விடுகதைக்கு நெருங்கிய உறவுடையது. விடுகதையின் விடையைக் கேட்ட பின் கேட்டவர் 'ஆம், அது சரியே' என ஒப்ப வேண்டும். ஒப்பவில்லையெனில் குறை கேட்டவருடையதன்று. இவ்வளவுகோலைக் கொண்டு சில புதிர்களை நோக்கலாம்.

அ) 1977ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு டிராகன் வழிமறிக்கிறது. அதைக் கொல்லுமாறு ஏவினால், எதைக் கொண்டு கொல்வது, வெறுங்கையாலா என்று நிரல் எள்ளலாக வினவும். 'ஆம்' என விடையிறுத்தால் டிராகன் இறந்துவிடும். இங்கு நிகழ்வது வினாவின் பயன் மாற்றம். விடை வேண்டாத வினாவை விடை வேண்டும் வினாவாகக் கொள்வதே புதிரின் தீர்வு. பேச்சுச் சூழலில் வினா எவ்வாறு பொருள்படுகிறது என்பதன்மீதே விதி நிற்கிறது. எம்மொழியிலும் எள்ளல் வினா உண்டாதலால் இப்புதிர் தடையின்றிப் பெயரும். தமிழில் 'வெறுங்கையாலா?' என்னும் ஒரு சொல் வினா மூலத்தினும் கூர்மையாகவே அமையும்.

ஆ) சியெரா நிறுவனத்திற்காக ராபர்ட்டா வில்லியம்ஸ் வடிவமைத்து 1984இல் வெளிவந்த 'கிங்ஸ் குவெஸ்ட்' விளையாட்டில் ஒரு குள்ளனின் பெயரைக் கூற வேண்டும். பெயர் ஜெர்மானிய நாட்டுப்புறக் கதை ஒன்றிலிருந்து வருவது. பின்னோக்கிச் சிந்திக்குமாறு ஒரு குறிப்பு கிடைக்கிறது. பெயரைக் கடைசி எழுத்திலிருந்து திருப்பி எழுதுவதே எவர்க்கும் முதலில் தோன்றும். அவ்விளையாட்டு எதிர்பார்த்ததோ, நெடுங்கணக்கையே தலைகீழாக்கி ஒவ்வோர் எழுத்திற்கும் ஈடான எழுத்தை இடுவது. குறிப்பு இரு பொருள் தருகிறது. விதி ஒன்றை மட்டும் ஏற்கிறது. மற்றது ஏன் தவறு என்பதற்கு உலகினுள் காரணமில்லை. விடையறிந்த பின்னும் ஒப்ப முடியாத புதிர் இது.

இ) 1991இல் வெளிவந்த 'மங்க்கி ஐலண்ட் 2' விளையாட்டில் ஓர் அருவியின் நீரேற்றியை மூட வேண்டும். பியானோ வாசிக்கும் குரங்கொன்றை மயக்கி, விறைத்த அக்குரங்கையே திருகுகருவியாகக் கொண்டு திருகுவது தீர்வு. திருகுகருவி ஒன்றின் அமெரிக்க ஆங்கிலப் பெயரில் குரங்கைக் குறிக்கும் சொல் முதலுறுப்பாக வருகிறது; தொகைச்சொல்லைப் பிரித்துப் பொருள்கொள்வதே புதிர். பிரித்தானிய ஆங்கிலம் அக்கருவியைப் பொதுவாக வேறு பெயரால் வழங்குவதால் ஆங்கிலம் பேசுவோரிலேயே ஒரு பகுதியினர்க்கு இத்தீர்வு எட்டாது. நம் பட்டறைகளில் வழங்கும் 'ஸ்பானர்' என்ற சொல்லில் குரங்கிற்கு இடமேயில்லை. விளையாடுபவர் அமெரிக்கராக இருப்பதை விதி பெரிதும் சார்ந்திருக்கலாகாது என்று கிரகாம் நெல்சன் 1990களில் வகுத்த விளையாடுவோர் உரிமைப் பட்டியலில் ஒரு கூறு உள்ளது. அக்கூற்றின் தேவையை இப்புதிர் ஒன்றே நிறுவும்.

ஈ) டக்ளஸ் ஆடம்ஸும் ஸ்டீவ் மெரட்ஸ்கியும் இணைந்து 1984இல் உருவாக்கிய 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு' விளையாட்டில் கையிருப்புப் பட்டியலைக் கேட்டால், தேநீர் இல்லை என்பதும் ஒரு பொருளாக அதில் இடம்பெறும். பின்னர்த் தேநீரையும் தேநீர் இன்மையையும் ஒருங்கே வைத்திருக்க வேண்டிய கட்டம் வருகிறது. ஆங்கிலத்தில் எதிர்மறைச்சொல் பெயர்க்கு முன் அடையாக நிற்பதால் அத்தொடர் பெயர்த்தொடராகவே அமைகிறது; ஆதலால் அதை எடுக்கவும் கொடுக்கவும் முடிகிறது. தமிழில் எதிர்மறை பயனிலையில் அமைவது. 'தேநீர் இல்லை' ஒரு முழு வாக்கியம்; அதை எவரும் எடுக்க இயலாது. 'தேநீரின்மை' எனப் பெயராக்கினால் எடுக்கலாம். ஆனால் அச்சொல் பட்டியலில் தோன்றிய கணமே தன் செயற்கைத்தன்மையால் புதிரைக் காட்டிக்கொடுத்துவிடும். மூலத்தில் அன்றாடத் தொடராக மறைந்திருந்தது பெயர்ப்பில் நூல்வழக்காக வெளிப்படுகிறது. இங்குப் பெயர்ப்பாளர் முன் உள்ள பணி சொல் தேடுவதன்று. வேறொரு புதிரை ஆக்குவது.

உ) 'மங்க்கி ஐலண்ட்' முதற்பகுதியில் (1990) வாட்போர் வசைப்போராக நடைபெறுகிறது. எதிரி ஒரு வசையைக் கூறுவான். அதற்குப் பொருந்தும் மறுமொழியைத் தேர்பவர் மேலோங்குவார். கடற்கொள்ளையரிடம் தோற்றுத் தோற்று வசைகளையும் மறுமொழிகளையும் கற்க வேண்டும். இறுதியில் வாள்வித்தைத் தலைவியோ முன் கேளாத புதிய வசைகளைக் கூறுகிறாள். கற்ற பழைய மறுமொழிகளே அவற்றிற்கும் பொருந்துமாறு தேர வேண்டும். விதி மிக நேர்த்தியானது. விளையாடுபவர் மனப்பாடம் செய்தாரா, பொருளறிந்து கற்றாரா என்பதை அது சோதிக்கிறது. பெயர்ப்பாளர்க்கு இதனால் விளையும் கட்டுப்பாடு கடுமையானது. ஒவ்வொரு மறுமொழியும் தம்முள் தொடர்பில்லாத இரு வசைகளுக்குப் பொருந்த வேண்டும். தொடர்களைத் தனித்தனியே அட்டவணையில் பெற்றுப் பெயர்ப்பவர்க்கு இவ்விதி கண்ணில் படாது; பெயர்ப்பு ஒவ்வொன்றும் தனித்து நோக்கச் சரியாக இருந்தும் விளையாட்டு தீர்க்க முடியாததாகிவிடக்கூடும்.

இவ்வைந்தும் ஒரு பொதுமையைக் காட்டுகின்றன. மொழிச்சூழலிலிருந்து உய்த்துணரத்தக்க விடையை மட்டும் வேண்டும் விதி நேர்மையானது. ஒரு வட்டாரத்தின் தற்செயலான சொல்வழக்கையோ ஆக்கியோனின் மனத்தையோ வேண்டும் விதி நேர்மையற்றது.

4. வினைகளின் தேய்வு

தொடர்ப்பகுப்பி விளையாட்டுகளின் மீது எழுந்த பெரிய குறை, சரியான செயலை அறிந்தும் அதற்குரிய சொல்லை ஊகிக்க முடியாமல் தவிப்பது. 1987இல் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் வெளியிட்ட 'மேனியாக் மேன்ஷன்' விளையாட்டில் ரான் கில்பர்ட்டும் கேரி வின்னிக்கும் இதற்கு ஒரு தீர்வு கண்டனர். பதினைந்து வினைகள் திரையின் அடியில் எழுதப்பட்டன. வினையையும் பின்னர்ப் பொருளையும் சுட்டித் தொடரை ஆக்கலாம். 1991இல் வினைகள் ஒன்பதாயின. 1995இல் வெளிவந்த 'ஃபுல் த்ராட்டில்' விளையாட்டில் கை, கால், கண், வாய் ஆகியவற்றின் உருவங்களே எஞ்சின. பின்னர் வந்த பலவற்றில் ஒரே சுட்டல் எல்லா வினைக்கும் நின்றது. கில்பர்ட்டே 2017இல் 'திம்பிள்வீட் பார்க்' விளையாட்டில் ஒன்பது வினைகளை மீண்டும் கொண்டுவந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

கில்பர்ட் 1989இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இவ்வகை விளையாட்டின் குறைகளை வரிசைப்படுத்தினார். தீர்வுக்கு முன் சிக்கலே விளையாடுபவர் கண்ணில் படவேண்டும். முன்னர் எடுக்கத் தவறிய ஒரு பொருளுக்காகப் பின்னர் வழியின்றி நிற்குமாறு செய்யலாகாது. இறந்து இறந்து கற்குமாறு அமைத்தல் ஆகாது என்பன அவர் கூறியவற்றுள் சில. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் நோய்க்கும் மருந்திற்கும் இடையில் ஒரு வேறுபாட்டைக் காண வேண்டும். அவர் சுட்டிய குறைகள் விதியின் நேர்மை பற்றியவை. வினைகளைக் குறைத்ததோ சொற்களஞ்சியம் பற்றியது. வினைகளைக் குறைத்த பின்னும் குரங்கைத் திருகுகருவியாக்கும் புதிர் தோன்றத்தான் செய்தது. மேலும், வினைகள் குறைந்த அளவிற்குப் 'பயன்படுத்து' என்னும் பொதுவினை வளர்ந்தது. சாவியைக் கதவில் பயன்படுத்து, கயிற்றை மரத்தில் பயன்படுத்து, பழத்தைக் குரங்கில் பயன்படுத்து என்றாகும்போது விளையாடுபவர் தாம் எண்ணும் செயலைக் கூறுவதில்லை. இரு பொருள்களை அருகருகே வைத்து விளைவிற்குக் காத்திருக்கிறார். எண்ணாமலே எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் இதனால் விளைந்தது. கருத்தை மொழிந்தாக வேண்டிய கட்டாயமே புதிரின் உயிர்; அது குறைந்தால் புதிர் பூட்டாக மாறிவிடும்.

5. மறைந்து நிற்கும் ஆங்கிலம்

1993இல் கிரகாம் நெல்சன் உருவாக்கிய 'இன்ஃபார்ம்' என்னும் ஆக்கமுறைமை உரைவழி விளையாட்டுக்கு மறுவாழ்வளித்தது. மொழி சார்ந்த விதிகளைத் தனிக் கோப்பாகப் பிரித்து வைத்தமை அதன் சிறப்பு. இதனால் ஸ்பானியம், ஜெர்மானியம், பிரெஞ்சு, இத்தாலியம் முதலிய மொழிகளில் விளையாட்டுகள் ஆக்க இயன்றது. ஆயினும் இப்பிரிவினையின் உள்ளமைப்பு நோக்கத்தக்கது. வேற்றுமொழித் தொடரை முதலில் 'இன்ஃபார்மீஸ்' என நெல்சன் பெயரிட்ட ஓர் உள்மொழி வடிவிற்கு மாற்ற வேண்டும். அவ்வுள்மொழியில் வினை முதலில் நிற்கும். முன்னிடைச்சொல் பெயர்க்கு முன் வரும். சுருங்கக் கூறின் அது சொற்கள் மாறிய ஆங்கிலமே. ஐரோப்பிய மொழிகள் பலவற்றின் ஏவல்தொடர் இவ்வமைப்பிற்கு அண்மையில் நிற்பதால் இடர்ப்பாடு சிறிதாயிற்று. வினையிறுதி மொழியும் பின்னொட்டு மொழியுமான தமிழ் இதனுள் நுழைய வேண்டுமெனில் தொடரை முற்றும் கலைத்து அடுக்க வேண்டியுள்ளது.

இதை நெல்சனின் குற்றமாகக் கூறுவது பொருந்தாது. பிறமொழிக்கு இடமளிக்க வேண்டும் என்பதையே அவர் விதியாக்கினார். இங்குச் சுட்டப்படுவது ஒரு மரபின் பழக்கம். கார்ல் மக்கன்ஹூப்ட் 2001இல் ஆக்கிய 'தி கோஸ்டக்' என்னும் விளையாட்டு இப்பழக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் பெயர், வினை, பெயரடை யாவும் புனைசொற்கள். இலக்கணச் சொற்களும் சொல்வரிசையும் மட்டும் ஆங்கிலம். சட்டகம் ஒன்றையே பற்றிக்கொண்டு விளையாடுபவர் பொருளைக் கற்றுவிடுகிறார். சட்டகம் எவ்வளவு சுமையைத் தாங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

6. தமிழில் விதி வகுத்தல்

தமிழ் ஏவல்தொடரை அடிப்படையாகக் கொண்டு விதி வகுப்பின் எழும் சிக்கல்களுள் ஐந்து இங்குக் கூறப்படுகின்றன.

6.1 சொல்லின் இறுதி: 'எடுத்துக்கொள்', 'எடுத்துக்கொடு' என்னும் இரு வினைகளும் ஏழேழு எழுத்துகள் உடையவை. முதல் ஆறு எழுத்துகள் இரண்டிலும் ஒன்றே. ஐந்து எழுத்தை நோக்கும் கிரௌதரின் விதியும் ஆறு அலகை நோக்கும் இன்ஃபோகாமின் விதியும் தமிழ் எழுத்துக் கணக்கில் தனக்கென வைத்துக்கொள்வதையும் பிறர்க்கு ஈவதையும் ஒரே செயலாகக் கொண்டுவிடும். இன்றைய நிரல்களுக்கு அத்தகைய நினைவகத் தட்டுப்பாடு இல்லை. ஆனால் சொல்லின் முதற்பகுதியை வைத்து முழுச்சொல்லை ஊகிக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. தமிழில் ஊகம் இறுதியிலிருந்து தொடங்க வேண்டும்.

6.2 வேற்றுமை: 'பெட்டியைச் சாவியால் திற', 'சாவியால் பெட்டியைத் திற' ஆகிய இரண்டும் ஒன்றே. வரிசையை நோக்காது உருபை நோக்கும் விதி போதும். இதில் ஓர் ஊதியமும் உண்டு. அஃறிணைப் பெயரில் இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கும் விரிந்தும் வரும். விரிந்து வருவது பெரும்பாலும் முன்னறிந்த குறிப்பிட்ட பொருளைச் சுட்டும். அறையில் மூன்று விளக்குகள் இருக்கையில் 'விளக்கு எடு' என்பவர்க்கு எதையேனும் ஒன்றைக் கொடுத்துவிடலாம். 'விளக்கை எடு' என்பவரை எந்த விளக்கு என வினவலாம். ஆங்கில விளையாட்டு இரு நிலையிலும் ஒரே வினாவை எழுப்பும்.

6.3 வினை செய்யும் வகைப்பாடு: ஆங்கிலத்தின் 'பிரேக்' என்னும் ஒரு வினைக்கு நாம் பொருளின் தன்மைக்கேற்ப உடை, முறி, அறு, பிய் எனப் பல வினைகளை வழங்குகிறோம். பானையை உடைக்கிறோம், குச்சியை முறிக்கிறோம், கயிற்றை அறுக்கிறோம். துணியைக் கிழிக்கிறோம். நீரை ஊற்றுகிறோம்; நெல்லைக் கொட்டுகிறோம். இவற்றை ஒன்றற்கொன்று ஈடான சொற்களாக அகராதியில் இடுவது எளிது. ஆனால் அவ்வாறு செய்தால் மொழி தரும் வாய்ப்பை இழப்போம். ஒளியில்லாத ஓர் அறையில் கைக்குத் தட்டுப்படும் ஒரு பொருளைக் கருதுக. 'உடை' என்றால், இது உடையக்கூடியதன்று என மறுமொழி வருகிறது. 'முறி' என்றால், மடங்குகிறது, முறியவில்லை என வருகிறது. 'கிழி' என்றால் கிழிகிறது. பொருள் துணியோ தாளோ என்பதை விளையாடுபவர் தம் வினையறிவைக் கொண்டே உணர்கிறார். இப்புதிரை ஆங்கிலத்தில் இதே அளவிற்கு ஆக்குதல் அரிது. தமிழுக்கு உரிய விதி என்பது இத்தகையது.

6.4 ஒற்று: 'பெட்டியைத் திற' என்பதை 'பெட்டியை திற' எனத் தட்டச்சு செய்பவரை நிரல் மறுக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே இக்கட்டுரையின் துணிபு. உள்ளீட்டில் வல்லினம் மிகுதலையும் மிகாமையையும் ஒன்றாகக் கொள்ளலாம். வெளியீட்டில் மட்டும் இலக்கணம் பிழையாது எழுதலாம். நிரல் தன் மறுமொழியில் தொடரைத் திருத்தமாகத் திருப்பிக் கூறினால் போதும்; புதிர் இடையே இலக்கணத் தண்டனை புகுதல் வேண்டா. எனினும் ஒற்று பொருளை வேறுபடுத்தும் இடங்கள் உண்டு. அங்கு நிரல் வினவித் தெளிய வேண்டும்.

6.5 முன்னிலை: ஆங்கில விளையாட்டில் இரு முன்னிலைகள் உள்ளன. விளையாடுபவர் நிரலை ஏவுகிறார். நிரல் விளையாடுபவரை முன்னிலையாக்கி நிகழ்ந்ததைக் கூறுகிறது. நிரல் தன்னை விளையாடுபவரின் கண்ணாகவும் கையாகவும் அறிமுகம் செய்துகொண்டதால் 'அட்வென்ச்சர்' இம்முரணைக் கடந்தது. ஆங்கிலத்தின் முன்னிலைப் பெயர் மதிப்பு வேறுபாடற்றது. தமிழில் விளையாடுபவர் 'எடு' என ஒருமையில் ஏவ, நிரல் 'நீங்கள் எடுத்தீர்கள்' எனப் பன்மையில் கூறினால் ஏவுபவரும் பணியாளரும் என்ற உறவு தோன்றும். இருவரும் ஒருமையில் பேசினால் நட்போ உள்ளுரையாடலோ தோன்றும். நிரல் தன்மையில் 'எடுத்தேன்' எனக் கூறினால் அது தனி மாந்தனாகிவிடும். இம்மூன்றும் மூன்று வேறு கதைசொல் முறைகள். மூலத்தில் இல்லாத இத்தேர்வைப் பெயர்ப்பாளர் செய்தே தீர வேண்டும். இதைச் செய்யாது இடத்திற்கொன்றாக எழுதிய பெயர்ப்பில் நிரலுக்குக் குரலே இராது.

7. மறுப்பின் இலக்கணம்

விதியின் மறுமுகம் மறுப்பு. நிரல் ஒரு தொடரை மறுக்கும் நிலைகள் நான்கு. சொல் நிரலின் அகராதியில் இல்லாமை ஒன்று. சொற்கள் இருந்தும் தொடர் அமையாமை இரண்டு. தொடர் அமைந்தும் அச்செயல் அவ்வுலகில் இயலாமை மூன்று. இயலும் செயலே ஆயினும் அப்போதைக்குத் தடைபட்டிருத்தல் நான்கு. முதல் இரண்டும் நிரலின் குறை. பின்னிரண்டும் உலகின் செய்தி. 'அட்வென்ச்சர்' விளையாட்டில் கருங்கோலைக் கையில் வைத்திருக்கும்வரை சிறுபறவை பிடிபடாது. பறவை அஞ்சுவதைக் கூறும் மறுமொழி நான்காம் வகை. அதிலிருந்து கோலைக் கீழே வைக்க வேண்டும் என உய்த்துணரலாம். அதே இடத்தில் 'புரியவில்லை' என வந்திருந்தால் புதிர் கெட்டிருக்கும். பெயர்ப்பில் இந்நான்கையும் 'முடியாது' என ஒன்றாக்குவது எளிதில் நேரும் பிழை. விளையாடுபவரின் உய்த்துணர்வை வேரோடு பறிப்பதும் அதுவே.

2019இல் வெளிவந்த 'ஏஐ டஞ்சன்' இவ்விடத்தில் புதிய கேள்வியை எழுப்பியது. பெருமொழி மாதிரியை அடிப்படையாகக் கொண்ட அவ்விளையாட்டு, தட்டச்சு செய்யும் எத்தொடரையும் ஏற்றுக் கதையை வளர்க்கும். ஊகிக்க வேண்டிய சொல் என ஒன்று அங்கில்லை. தொடர்ப்பகுப்பியின் நெடுநாட் சிக்கல் இதனால் தீர்ந்ததெனக் கருதலாம். ஆனால் பையிலில்லாத வாளைச் சொன்னவுடன் வாள் தோன்றிவிடும் உலகில் புதிருக்கு இடமில்லை. முதல் இரு மறுப்புகளை நீக்கப் புகுந்த முறை பின்னிரண்டையும் உடன் நீக்கிவிட்டது. தொடரைப் புரிந்துகொள்ளுதலும் செயலை இசைதலும் வெவ்வேறு என்பதை இது எதிர்மறையாக நிறுவுகிறது. தொடரைப் பொருள்கொள்ளும் பணியை மாதிரியிடமும், உலகின் நிலையைக் காத்து இசைவு தரும் பணியை உறுதியான விதியிடமும் பிரித்து ஒப்படைப்பதே பொருத்தமான வழியெனத் தோன்றுகிறது. தமிழுக்கு இது கூடுதல் நன்மை; உள்மொழி வாயிலாக ஆங்கில வடிவில் நுழைய வேண்டிய தேவை குறையும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. சாகச விளையாட்டின் விதிகள் மொழியமைப்பை ஒட்டி எழுந்தவை. அவற்றின் நேர்மை, விடை மொழிவழி உய்த்துணரத்தக்கதா என்பதைப் பொறுத்தது. வினைகளின் எண்ணிக்கையைக் குறைத்தமை இவ்வகையின் குறைகளை முழுமையாக நீக்கவில்லை. விளையாடுபவர் எண்ணத்தை மொழியும் வாய்ப்பைக் குறைத்தது. ஆக்கமுறைமைகளில் ஊன்றியுள்ள சொல்வரிசையும் எழுத்தெல்லையும் மொழிப் பொதுமைகள் அல்ல. ஆங்கிலத்தோடும் ஒரு காலத்துப் பொறிகளோடும் பிறந்தவை.

இதனால் பெயர்ப்பாளர்க்கு ஒரு நடைமுறைக் கோரிக்கை எழுகிறது. விளையாட்டின் தொடர்களை வெறும் அட்டவணையாகப் பெற்றுப் பெயர்க்க இசையலாகாது. எத்தொடர் எவ்விதியால் தோன்றுகிறது, எந்த மறுமொழி எத்தனை வினாக்களுக்கு விடையாக வேண்டும், எம்மறுப்பு எவ்வகையைச் சார்ந்தது என்பவற்றையும் உடன் கேட்டுப் பெற வேண்டும். மொழியியலார்க்கு உள்ள பணி இதனினும் பெரிது. கிழித்தலும் முறித்தலும் அறுத்தலும் எப்பொருள்களோடு வரும் என்பதை முறையாகத் தொகுத்த ஒரு வினையகராதி கணிப்பொறிக்கு ஏற்ற வடிவில் ஆக்கப்படுமாயின், விளையாட்டிற்கு மட்டுமன்றித் தமிழைப் பொறிக்குக் கற்பிக்கும் பிற பணிகளுக்கும் அது அடிப்படையாகும். அத்தகைய அகராதி இன்றி ஆக்கப்படும் தமிழ் விளையாட்டில் இருட்டறையில் கிடக்கும் துணியும் பானையும் ஒன்றுபோலவே 'உடையும்'.